முந்நூறு வயசான பிரசவ ஆஸ்பத்திரி

மாவடிப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிற்கும் பழைய பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எண்பத்தேழு வயசு. மறுநாள் சனிக்கிழமை விடிந்தபோது அதற்கு முந்நூறு வயசாகியிருந்தது. நடுவில் நடந்ததெல்லாம் ஒரு போர்டு மாட்டியதுதான். போர்டை எழுதியது பெயிண்ட் கடை காஜா மைதீன், ஏணியைப் பிடித்தது ஓய்வுபெற்ற சர்வேயர் பிரமநாயகம், பொய்யை யோசித்தது ஜெராக்ஸ் கடை சங்கரவடிவு. மாவடிப்பேட்டை வரலாற்றுக் கழகத்தின் பொருளாளர், தலைவர், செயலாளர் என்றால் இந்த மூன்று பேர்தான்; கூட்டத்துக்குத் தவறாமல் வரும் உறுப்பினர்கள் என்றாலும் இந்த மூன்று பேர்தான்.

ஊருக்குப் புது அரசு ஆஸ்பத்திரி வந்து இருபது வருஷமாகிறது. அன்றைக்குப் பூட்டிய பழைய கட்டடத்தில் முன்னறையை மட்டும் கழகம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, அதில் ஊர்க்காரர்கள் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த பித்தளைப் படிகளையும், 'க' மட்டும் அடிக்காத தட்டச்சு மெஷினையும், யாருடையது என்றே தெரியாத பதினாலு மூக்குக் கண்ணாடிகளையும் நம்பர் போட்டு அடுக்கி வைத்திருந்தது. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மரபு நடை, பதினோரு மணிக்கு வாய்மொழி வரலாறு, அதாவது ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து தங்கள் பழங்கதையைச் சொல்ல வடிவு அதை நோட்டில் எழுதிக்கொள்வாள், முடிந்ததும் சுண்டல். சுண்டலுக்கு நாற்பது பேர் வருவார்கள், நடைக்கு நாலு பேர் வருவார்கள். வரலாறு என்றால் அப்படித்தான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அப்போதுதான் நகராட்சி இன்ஜினியர் ஸ்டெல்லா ஒரு நாள் வெயில் தாழ வந்து, கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, இதை இடித்துவிட்டு இரண்டு மாடி வணிக வளாகம் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். காப்பாற்ற ஒரே ஒரு வழி இருந்தது. மாவட்ட மரபுக் கமிட்டி வந்து பார்த்து, பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அறிவித்துவிட்டால் யாரும் செங்கல்லைத் தொட முடியாது. ஆனால் கமிட்டிக்கு ஒரு விதி: நூறு வயசு ஆகியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பதிமூன்று வயசு குறைந்தது.

"பதிமூணு வருஷந்தானே அண்ணாச்சி, கூட்டிப் போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் வடிவு.

"நான் முப்பத்தாறு வருஷம் சங்கிலி பிடிச்சு நிலம் அளந்தவன்" என்றார் பிரமநாயகம். "ஒரு அடி கூட்டியும் சொன்னதில்ல, குறைச்சும் சொன்னதில்ல. என்னையப் போயி..."

காஜா மைதீன் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்துக்கொண்டே குறுக்கே வந்தார். "நூறுன்னு எழுதினாத்தான் அண்ணாச்சி, அத்தாட்சி எங்கேம்பான். முந்நூறுன்னு எழுதிட்டம்னு வைங்க, கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருவான்."

பிரமநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "முந்நூறுன்னா அது அளவுல சேராது, பக்தியிலல்லா சேரும்" என்று கடைசியில் அவருக்கே ஒரு சமாதானம் கிடைத்தது. "சரி, எழுதும்வே."

வடிவுக்கு அந்தக் கட்டடம் ஏன் வேண்டும் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொன்னால் ஒளித்து வைத்த மாதிரி இருக்கும். அவள் அம்மா பேச்சியம்மாள் அங்கே முப்பத்தைந்து வருஷம் ஆயாவாக வேலை பார்த்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பிள்ளை பிறந்ததும் அதைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றித் தாய் பக்கத்தில் கிடத்திவிட்டு, ஸ்டோர் ரூமுக்குப் போய், கதவுக்குப் பின்னாலிருக்கிற சுவரில் தச்சாசாரி பென்சிலால் ஒரு கோடு போடுவாள். ஆணுக்கும் ஒரு கோடு, பெண்ணுக்கும் ஒரு கோடு, பிழைக்காத பிள்ளைக்கும் ஒரு கோடு. தலைக்கு மேலே கை எட்டும் உயரத்தில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் வரிசை வரிசையாக இறங்கி வரும் அந்தக் கோடுகளுக்குக் கீழேதான் வடிவு சின்ன வயசில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். "எம்மா, இதுல நான் எது?" என்று ஒரு நாள் கேட்டதற்கு, "எதுவா இருந்தா என்னட்டி, இருக்கேல்லா" என்று சொல்லிவிட்டு அம்மா கழுவ வேண்டிய துணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு கேட்கவே வாய்க்கவில்லை. அம்மா இறந்து ஒன்பது வருஷமாகிவிட்டது, அம்மா கையால் எழுதியது என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். ஒரு நோஞ்சான் பென்சில் துண்டும் உண்டு. அது முன்னறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிப்பொருள் எண் நாற்பத்தொன்று என்று சீட்டு ஒட்டி இருந்தது.

சனிக்கிழமை காலையில் வடிவு சாவியோடு போனபோது சாவி நுழைகிற கதவு அங்கே இல்லை. யானை முட்டினாலும் அசையாத குமிழ் வைத்த கதவு ஒன்று இருந்தது, அதன் சாவித் துவாரத்தில் முஷ்டியே போகும். ஓட்டுக் கூரை இருந்த இடத்தில் கல் கூரை, சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்த இடத்தில் முந்நூறு வருஷம் கால் பட்டுத் தேய்ந்த பாறைத் தளம், சுவரெல்லாம் பச்சைப் பாசி, பாசிக்கு நடுவே யாராலும் வாசிக்க முடியாத ஒரு கல்வெட்டு, உள்ளே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஊர்ப்பட்ட வவ்வால்கள். முகப்பில் காஜா மைதீனின் போர்டு மட்டும் பெயிண்ட் வாசம் மாறாமல் 'முந்நூறு ஆண்டுப் பழைமை' என்று பளபளத்தது.

இதற்குக் காரணம் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை கட்டடத்தின் மேல் தப்பில்லை. அது வெள்ளந்தியான கட்டடம். அறுபத்தேழு வருஷம் அதற்குள்ளே கத்திக் கதறிய பெண்களிடம் 'ஒண்ணுமில்லம்மா, இந்தா முடிஞ்சிட்டு' என்று சொல்லியே பழகியவர்கள் இருந்த இடம், அப்படிச் சொன்னதை நம்பினால்தான் பிழைப்பு என்று அதன் செங்கல்லுக்குள் இறங்கியிருந்தது. முந்நூறு வயசு என்று மூன்று பெரிய மனுஷர்கள் எழுதி மாட்டியதும், நமக்கேன் வம்பு, அவர்களுக்குத் தெரியாததா என்று அது நம்பிவிட்டது.

வடிவு கல்வெட்டையும் பார்க்கவில்லை, வவ்வாலையும் பார்க்கவில்லை. நேரே ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். ஸ்டோர் ரூம் இல்லை. அது இருந்த இடத்தில் இருபத்துநாலு தூண் வைத்த ஒரு மண்டபம் இருந்தது, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஈரக் கருங்கல் இருந்தது. அவள் உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை. எதைக் காப்பாற்ற வேண்டுமென்று பொய் சொன்னாளோ அதையே அந்தப் பொய் விழுங்கிவிட்டது என்று அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்தது, ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? வெளியே வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், முதலில் வவ்வால் நாற்றத்தைப் பற்றிப் புகார் சொன்னது, அப்புறம் பழகிக்கொண்டது. திங்கட்கிழமையிலிருந்து மினி பஸ் கண்டக்டர் 'ஆஸ்பத்திரி ஸ்டாப்' என்பதை விட்டுவிட்டு 'கோட்டை, கோட்டையெல்லாம் எறங்கு' என்று கூவ ஆரம்பித்தார். வாசலில் வெள்ளரிக்காய் விற்கும் முப்பிடாதி, எட்டு மாதக் கர்ப்பிணி, நிழல் பெரிசாகிவிட்டதால் கூடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டாள். ஊரில் பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், அது எண்பத்தேழு வயசுக் கட்டடம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் வாயைத் திறக்கவில்லை. தெரியாத பொய்யென்றால் கேள்வி வரும், தெரிந்த பொய்யில் என்ன கேள்வி?

ஸ்டெல்லா மட்டும் முறைப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பினாள்: முன் அனுமதியின்றி இருபத்துநான்கு கல்தூண்கள் எழுப்பியது ஏன்? பிரமநாயகம் பதிவுத் தபாலில் பதில் போட்டார்: தூண்கள் எழுப்பப்பட்ட காலத்தில் நகராட்சி இல்லை. ஸ்டெல்லா அதைப் படித்து, கையெழுத்துப் போட்டு, கோப்பில் சேர்த்துவிட்டாள்.

மரபுக் கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், காஜா மைதீன் சொன்னதுபோலவே கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறன்று விழா வைத்து அறிவித்துவிடலாம், அதற்குள் கட்டடத்தின் வரலாற்றை ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தொகுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கெட்டது காரியம். கழகத்தின் வாய்மொழி வரலாற்றுக்கு இத்தனை வருஷமாகச் சுண்டலுக்கு வந்தவர்கள் இப்போது சுண்டலை வேண்டாமென்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

அரிசி மண்டி குலசேகரன் முதல் ஆளாக வந்து, தன் பாட்டனுக்குப் பாட்டன் இங்கேதான் ஏழு யானை கட்டியிருந்தார் என்று சொன்னார். வடிவு எழுதிக்கொண்டாள். மறுநாள் காலையில் ஏழு யானை கட்டும் ஏழு கல்தூணும், இன்னும் சூடு ஆறாத சாணமும் பின்கட்டில் இருந்தன. மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்த குலசேகரன், தன் பொய்யைத் தானே நம்பி அன்றிலிருந்து நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். சோடாக் கடை அணைஞ்சபெருமாள், இங்கேயிருந்து மதுரைக்குச் சுரங்கப்பாதை போகிறது என்றார். சுரங்கம் இல்லாமல் ஒரு ஊர் உண்டா? மறுநாள் சுரங்கமும் வந்துவிட்டது. டார்ச் லைட்டோடு உள்ளே போனவர்கள் பத்து நிமிஷம் நடந்து, அடுத்த தெருப் பால் சொசைட்டிக்குப் பின்னாலே வெளியே வந்தார்கள். அதற்கு மேல் வழி எப்படியென்று அணைஞ்சபெருமாளுக்கே தெரியாததால் கட்டடத்துக்கும் தெரியவில்லை. கீழத்தெருக்காரர்கள் தங்கள் முன்னோரை இங்கே சிறை வைத்தார்கள் என்று சொல்லி ஒரு சிறை வந்தது. அதைக் கேட்டு மேலத்தெருக்காரர்கள், எங்கள் ஆளை மட்டும் விட்டுவிட்டார்களா என்று கோபித்துக்கொண்டு வந்து சொல்லி, பக்கத்திலேயே கொஞ்சம் பெரிசாக இன்னொரு சிறை வந்தது.

பிரமநாயகம் தினமும் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். ஒவ்வொரு நாளும் நீளம் கூடியது. நந்தவனம் வந்தது, நடனசாலை வந்தது, ராணி குளிக்கும் குளம் பஸ் ஸ்டாண்டுக்குள் எட்டடி நுழைந்து செங்கோட்டை பஸ் நிற்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டது. மனுஷர் அளந்து அளந்து இளைத்துப்போனார். ஒரு நாள் வடிவின் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முன்வாசல் வளைவு விரிசல் விட்டிருக்கு வடிவு. நேத்து ஒரு விரல் நுழைஞ்சுது, இன்னைக்கு ரெண்டு விரல் நுழையுது. அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் எண்பத்தேழு வயசுதான். மேல ஏத்துறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அறிவிப்பு வரதுக்குள்ள அது நம்ம கதையாலயே நொறுங்கிரும்."

"அண்ணாச்சி, நான் எங்கம்மை போட்ட கோட்டைத் தொலைச்சிட்டேன்" என்றாள் வடிவு. அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் ஆதார் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்புறம் வருகிறோம் என்று நகர்ந்தார்கள்.

பிரமநாயகம் டேப்பை இழுத்து இழுத்து விட்டார். "நெசத்தச் சொன்னா கமிட்டிக்காரன் போயிருவான்" என்றார். "அவன் போனா ஜேசிபி வந்துரும். சொல்லலேன்னா அதுவாவே விழுந்துரும். நீயே பாத்துக்கோ தாயி, ஏணி பிடிக்கத்தான் நான்."

விழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. பந்தல், மைக் செட், மூன்று கமிட்டிக்காரர்கள், ஓரத்தில் கோப்போடு ஸ்டெல்லா, வாசல் வளைவுக்குக் கீழே ஊர் முழுக்க. வளைவின் விரிசலில் அன்றைக்கு நாலு விரல் நுழைந்தது, அவ்வப்போது சுண்ணாம்பு உதிர்ந்து முன்வரிசைக்காரர்களின் தலையில் விழுந்தது, அவர்கள் தட்டிவிட்டுக்கொண்டு கைதட்டினார்கள். வரலாற்றை வாசிக்கச் செயலாளரைக் கூப்பிட்டார்கள். வடிவு எழுதி வைத்திருந்த நாற்பது பக்கத்தையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தக் கட்டடத்துக்கு எண்பத்தேழு வயசுதான்" என்றாள் மைக்கில். "நான்தான் பொய் சொன்னேன். இது கோட்டையுமில்ல, ஒண்ணுமில்ல. இது பிரசவ ஆஸ்பத்திரி. எங்கம்மை பேச்சியம்மா இங்க ஆயாவா இருந்தா. ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால, பொறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போட்டு வச்சிருந்தா. அதக் காப்பாத்தத்தான் பொய் சொன்னேன், அதுவே போயிட்டு."

கமிட்டித் தலைவர் எழுந்தார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "அப்ப பதிமூணு வருஷம் கழிச்சுக் கூப்பிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மற்ற இருவரோடும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சால்வையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ஊர் கொந்தளித்தது. எங்கள் யானைக்கு என்ன பதில், எங்கள் சிறைக்கு என்ன பதில் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கட்டடமோ அசையவில்லை. நாற்பது பக்கக் கதைக்கு எதிரே ஒருத்தி சொல்வதை அது எப்படி நம்பும்?

அப்போது காஜா மைதீன் மைக்கை வாங்கினார். "நான் பொறந்த அன்னைக்கு ஆத்துல வெள்ளம். வாப்பா அக்கரையில மாட்டிக்கிட்டாக. பேச்சியம்மா ஆத்தங்கரைக்கே போயி, ஆஸ்பத்திரிச் சிவப்புக் கம்பளிய ரெண்டு கையாலயும் ஆட்டிக் காட்டுனாளாம், அக்கரையில வாப்பா தலைப்பாகைய அவுத்து ஆட்டுனாகளாம். எங்க உம்மா சாவுற மட்டும் இதச் சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார். அவர் தலைக்கு மேலே வளைவில் ஒரு கல் வெளுத்துச் செங்கல்லானது.

"எங்கம்மைக்கு ரெட்டை" என்று பிரமநாயகம் எழுந்தார். "அண்ணன் பொறந்ததும் டாக்டரம்மா கையக் கழுவிட்டுப் போயிட்டாகளாம். 'இன்னொண்ணு கெடக்கு'ன்னு கூப்பிட்டது பேச்சியம்மா. நான் முப்பத்தாறு வருஷம் ஊர அளந்தேன், பொறக்கையில என்னையவே அளவுல விட்டுட்டாங்க" என்று சொல்லி அவரே சிரித்தார், கண் கலங்கியது, வவ்வால்கள் கூட்டமாகக் கிளம்பி மேற்கே போயின.

அப்புறம் யாரும் மைக்குக்குக் காத்திருக்கவில்லை. அரிசி மண்டி குலசேகரன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யானை இல்லய்யா, ஒரு ஆட்டுக்குட்டி கூடக் கிடையாது, நான் ஏழு மாசத்துல பொறந்தவன், ஒரு சோப்புப் பெட்டிக்குள்ள அடங்குவேனாம், பேச்சியம்மாதான் பஞ்சுல பொதிஞ்சு பாய்லர் பக்கத்துல வச்சு இருபது நாள் காவல் காத்தா" என்று உடைந்து அழ, யானைத் தூண்கள் ஏழும் துணி காயப்போடும் கம்பிகளாக மெலிய, கீழத்தெருக்காரர் ஒருவர் தன் தங்கை பிறந்து மூன்று நாளில் போய்விட்டதைச் சொல்ல, மேலத்தெருக்காரர் ஒருவர் அவர் தோளில் கை வைத்துத் தன் அம்மாவும் அதே நாளில் அடுத்த கட்டிலில் கிடந்ததைச் சொல்ல, இரண்டு சிறைகளும் ஒன்றாகச் சேர்ந்து பத்துக் கட்டில் போட்ட ஒரே வார்டாக விரிய, ராணியின் குளம் வற்றிச் செங்கோட்டை பஸ் தன் இடத்தில் வந்து நிற்க, பாறைத் தளம் ஈரச் சிவப்பாக மினுங்க, கல் கூரை ஓடாக அடுக்கிக்கொள்ள, டெட்டால் வாசம் குப்பென்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அடித்தது. ஒரே ஒருத்தர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "சுரங்கம் நெசந்தான்" என்று அணைஞ்சபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதனால் சுரங்கம் அப்படியே இருந்துவிட்டது. இன்றைக்கும் மழை பெய்தால் பால் சொசைட்டிக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி.

எல்லாம் அடங்கியதும் ஸ்டெல்லா கோப்பைத் திறந்தாள். அவள் கெட்டவள் இல்லை, ஆனால் வேலை வேலைதான். "நல்லா இருந்துச்சு" என்றாள். "ஆனா எண்பத்தேழு வருஷக் கட்டடம்னு இப்ப எல்லாரும் சேர்ந்து சொல்லிட்டீங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஜேசிபி வரும். சாமான எடுத்துக்கோங்க."

வடிவு பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசல் பக்கமிருந்து, "யக்கா, எனக்கு என்னமோ பண்ணுது" என்று ஒரு குரல் கேட்டது. வெள்ளரிக்காய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு முப்பிடாதி உட்கார்ந்துவிட்டாள்.

நூற்றியெட்டுக்குப் போன் போட்டார்கள். ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்தில் வந்தது, ஆனால் ஏற்றிக்கொண்டு போக நேரமில்லை. அதில் வந்த நர்ஸ் அங்கேயே இறங்கி, முப்பிடாதியை உள்ளே நடத்திக்கொண்டு போனாள். இருபது வருஷம் பூட்டிக் கிடந்த வார்டில் கட்டில் விரித்திருந்தது, பாய்லரில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது; அரை மணி நேரமாக ஊரே கூடி நீ பிரசவ ஆஸ்பத்திரி, பிரசவ ஆஸ்பத்திரி என்று சொன்னால் பாவம் அது வேறென்ன செய்யும்? வெளியே ஒருத்தரும் பந்தலை விட்டு நகரவில்லை. ஸ்டெல்லா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்து முப்பிடாதி பக்கத்து ஸ்டோர் ரூமில் பாயை விரிக்கச் சொல்லி அங்கேயே சாய்ந்தாள். பதினொன்று நாற்பதுக்கு, சுண்டல் கொடுக்கிற நேரத்தில், ஒரு பெண் குழந்தை பிறந்தது.

நர்ஸுக்குத் துணையாக உள்ளே இருந்த வடிவு அப்போதுதான் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். சுவர் வந்திருந்தது. அம்மாவின் கோடுகள் அத்தனையும், வரிசை வரிசையாக, ஒன்றும் அழியாமல்.

"எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கோடு உண்டாமே, மைக்ல சொன்னியளே" என்றாள் முப்பிடாதி பாயில் கிடந்தபடியே, வியர்வையும் சிரிப்புமாக. "எம் பிள்ளைக்கு நானே போடுதேன். பென்சில் குடுங்கக்கா."

காட்சிப்பொருளைத் தொடக் கூடாது என்பது கழகத்தின் முதல் விதி, எழுதியவரே பிரமநாயகம்தான். அவரே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நாற்பத்தொன்றாம் எண்ணை எடுத்து வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவிடுக்கில் கை நீட்டினார். முப்பிடாதியால் எழுந்து நிற்க முடியவில்லை. படுத்தபடியே கையை நீட்டி, எட்டிய இடத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு கோடு இழுத்தாள். கை நடுங்கியதால் கோடு கோணலாக வந்தது.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. தரையிலிருந்து அதே ஒரு முழ உயரம், அதே நடுக்கம், அதே கோணல். சின்ன வயசில் வடிவு அதற்கு நேர் எதிரேதான் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதினாள், கதவு உரசின கீறல் என்று நினைத்திருந்தாள். மற்ற எல்லாக் கோடுகளும் அம்மா நின்றுகொண்டு போட்டவை. இது ஒன்றுதான் அம்மா படுத்துக்கொண்டு போட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் பேச்சியம்மாள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்த நாள் ஒன்றே ஒன்றுதான், அன்றைக்குப் பிறந்த பிள்ளையும் ஒன்றே ஒன்றுதான். வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்துநாலு வயசில் ஒரு பொம்பளை குழந்தையைவிடச் சத்தமாக அழுதால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

வெளியே ஸ்டெல்லா கோப்பில் எழுதினாள்: 'கட்டடம் பிரசவத்திற்குப் பயன்பாட்டில் உள்ளது. தாயும் சேயும் வெளியேறிய பின் இடிக்கலாம்.' எழுதிவிட்டு ஜேசிபிக்காரனுக்குப் போன் செய்து, அப்புறம் சொல்கிறேன் என்றாள்.

அப்புறம் என்ன, முப்பிடாதி வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே, அங்கே வலி தெரியாமல் பிரசவமாகிறதாம் என்று கேள்விப்பட்டு ஆலங்குளத்துப் பக்கமிருந்து ஒருத்தி வந்து படுத்துவிட்டாள். அவள் எழுந்துபோகும் முன் இன்னொருத்தி. வருகிற கூட்டத்தைப் பார்த்து அரசாங்கமே ஒரு டாக்டரையும் இரண்டு நர்ஸ்களையும் போட்டது. மூன்று மாதத்துக்கொருமுறை இடிக்க நாள் குறிப்பார்கள், மூன்று மாதத்துக்கொருமுறை யாராவது ஒருத்தி உள்ளே கத்திக்கொண்டிருப்பாள், கோப்பில் அதே வரி ஏறும். ஸ்டெல்லா தன் இரண்டாவது பிள்ளையை அங்கேயே பெற்றுக்கொண்டு, மாற்றலாகிப் போனாள். அவளுக்குப் பின் வந்த இன்ஜினியர்களும் அந்த வரியையே எழுதினார்கள், முந்தின குறிப்பைப் பார்த்து எழுதுவதுதானே ஆபீஸ் வழக்கம். முன்னறையில் கழகம் தன் பாட்டுக்கு இரண்டாவது ஞாயிறு நடையும் சுண்டலும் நடத்தியது. வாய்மொழி வரலாற்றில் ஒரு விதி மட்டும் புதிதாகச் சேர்ந்தது: அவரவர் பிறந்த கதையை மட்டுமே சொல்ல வேண்டும்.

அப்படியே பதிமூன்று வருஷம் போனது.

நூறு வயசு நிறைந்த அன்றைக்குக் காஜா மைதீன் புதுப் போர்டு எழுதினார், கை முன்னே மாதிரி நிற்கவில்லை, 'நூ' கொஞ்சம் சரிந்துவிட்டது. எழுபத்தாறு வயசுப் பிரமநாயகம், வேண்டாம் என்று எல்லாரும் சொன்னதைக் கேட்காமல் ஏணியைப் பிடித்தார். மரபுக் கமிட்டியிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பழைய கோப்பைப் புரட்டி, "முன்னால ஒரு தடவை முந்நூறுன்னு எழுதியிருந்தீங்க போலிருக்கே?" என்று கேட்டார்.

"அப்போ வயசுக் கோளாறு சார், இப்போ சரியாயிட்டுது" என்றாள் வடிவு.

அவர்களை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாள். மேலே பேச்சியம்மாள் நின்றுகொண்டு போட்ட வரிசைகள். கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பதிமூன்று வருஷமாகப் பாயில் படுத்தபடியே தாய்மார்கள் தாங்களே போட்ட கோணல் கோடுகள், சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும். கமிட்டிக்காரர் முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார், அந்தக் கீழ் வரிசையின் ஆரம்பத்தில் விரலை வைத்தார். "இந்த முதல் கோடு மட்டும் ரொம்பப் பழசா இருக்கே, இது யாரும்மா?"

"அது நான் சார்" என்றாள் வடிவு.